கறுப்பு டேங்க் எஞ்சின்மேல் வாஷ் வளையம் வளையமாகக் காய்ந்துவிட்டது, மீட்க முடியுமா?

சிறுதடம்:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என்னிடம் ஹெச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக (1:87), ஒரு மாடல் ரயில் எஞ்சின் இருக்கிறது. 0-6-0 டேங்க் எஞ்சின், அதாவது ஆறு சக்கரங்களும் இயக்கப்படும், தண்ணீர்த் தொட்டியை எஞ்சின்மேலேயே சுமக்கும் வகை. முழுக்கக் கறுப்பு. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து வாங்கிய என் முதல் நீராவி எஞ்சின். சரக்கு வேகன்களுக்கெல்லாம் ஏற்கெனவே பவுடர் தேய்த்துப் பழையதாக்கிவிட்டேன். அவற்றின் முன்னால் இது மட்டும் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போலப் பளபளவென்று நின்றது. அதனால் வாஷ், அதாவது பள்ளங்களில் அழுக்குப் போலத் தங்கும் நீர்த்த பெயின்ட், போடலாம் என்று இறங்கினேன்.

செய்தது இதுதான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாஷ், அடர் பழுப்பு. பாடியைக் கழற்றவில்லை, வார்னிஷ் எதுவும் அடிக்கவில்லை. அகலமான பிரஷில் தோய்த்து வலது பக்க டேங்க் முழுவதும் ஒரே மூச்சில் பூசினேன். ரிவெட்களைச் சுற்றி நிறம் போய் உட்காரும் என்று எதிர்பார்த்தேன். பூசியவுடனே அது முத்து முத்தாகத் திரண்டுகொண்டது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், முத்து நின்ற இடத்திலெல்லாம் ஒரு பழுப்பு வளையம். நடுவில் சுத்தமான கறுப்பு, ஓரத்தில் கோடு. எஞ்சின் எண்ணுக்கு நேர் மேலே ஒன்று, விரல் நக அளவுக்கு இருக்கிறது. ரிவெட் பக்கம் ஒன்றுமே சேரவில்லை.

இடது பக்கத்தைத் தொடவில்லை. நேற்று இரவு நடந்தது இது.

ஓட்டிப் பார்த்தபோது விட்டு விட்டு ஓடுகிறது. முன்பு தடமே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். சக்கரத்தில் வாஷ் இறங்கியிருக்குமோ?

வளையங்களை எப்படி எடுப்பது? ஐசோபுரொபைல் ஆல்கஹால் வைத்திருக்கிறேன், அதில் துடைக்கலாமா? இடது பக்கத்துக்கு எனாமல் வாஷ் வாங்கினால் நல்லதா, அல்லது ஆயில் பெயின்டா? மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் முதலிலா கடைசியிலா? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள், குழம்பிப்போயிருக்கிறேன்.

வளைகோடு:

ஆல்கஹாலைத் தொடாதீர்கள்! வாஷ் போகும்போது எண்ணும் சேர்ந்து போய்விடும். எஞ்சின் எண், கோடுகள் எல்லாம் தொழிற்சாலையில் மெல்லிய மையால் அச்சடித்தவை. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி இரண்டு தேய்ப்பில் அதை எடுத்துவிடும். என் டீசல் எஞ்சின் ஒன்றில் எண்ணின் கடைசி இலக்கம் அப்படித்தான் போனது.

எஞ்சினை ஓட்டுவதையும் நிறுத்திவையுங்கள். சக்கரத்தில் இருப்பது தண்டவாளம் முழுக்கப் பரவும், மற்ற எஞ்சின்களும் திக்கும்.

ஃபயர்மேன்மகன்:

நண்பரே, உங்கள் வலது பக்கம் போய்விடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நிதானமாகப் படியுங்கள், கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

நேற்று இரவுதான் நடந்தது என்றால் இன்னும் அது முழுதாக இறுகியிருக்காது. பாடியைக் கழற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ். வளையத்தின் மேல் வட்டமாக, அழுத்தாமல். ஐந்து நிமிடம் பொறுமையாகச் செய்தால் பாதியாவது கரைந்துவரும். மீதி வராவிட்டால் விட்டுவிடுங்கள், அதன் மேலேயே வேலை செய்யலாம். அடியில் ஏற்கெனவே ஒரு கறை இருப்பது அடுத்த பூச்சுக்கு ஆழம் கொடுக்கும்.

வளையம் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் இன்னொரு முறை வராது. தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம். வழவழப்பான பரப்பில் அது பரவாமல் திரண்டு முத்தாக நிற்கும். அந்த முத்து ஓரத்தில்தான் வேகமாகக் காயும். காய்ந்த இடத்தை நிரப்ப நடுவிலிருக்கும் நீர் ஓரத்துக்கு ஓடும், போகும்போது நிறத்துகளையும் அள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் நடுவில் சுத்தம், ஓரத்தில் கோடு.

ஒயிட் ஸ்பிரிட் என்ற பெயின்ட் தின்னரில் கரைத்த எனாமல் இப்படித் திரளாது. இழுவிசை குறைவு என்பதால் தானாகவே பரவி, ரிவெட்டின் அடி, தகடு இணையும் கோடு என்று பள்ளம் இருக்கும் இடமாகத் தேடிப்போய் நிற்கும். பிரஷ் நுனியை ஒரு ரிவெட்டின் அடியில் சும்மா தொட்டுப் பாருங்கள். நிறம் அங்கிருந்து கோடு பிடித்து அடுத்த ரிவெட்டுக்கு ஓடும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

எனாமலின் பெரிய நன்மை அதுவல்ல. நேரம். காய்ந்தது போலத் தெரிந்தாலும் பல மணி நேரம் வரை ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பிரஷால் மறுபடி இளக்கலாம், இழுக்கலாம், முழுதாகத் துடைத்தே எடுக்கலாம். அடியில் தொழிற்சாலைப் பூச்சோ, நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் வார்னிஷோ இருந்தால் அது அசையாது. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த ஒன்றுக்காகவே நான் எனாமலைச் சொல்வேன். ஆயில் பெயின்டும் அப்படித்தான், ஆனால் காய நாள்கணக்கில் ஆகும். தொடாமல் வைத்திருக்கும் பொறுமை வேண்டும்.

கலவைக்குத் தனியாக வாஷ் என்று வாங்க வேண்டியதில்லை. நான் பயன்படுத்துவது ஹம்ப்ரால் எனாமலில் 33 மேட் கறுப்பு, 62 மேட் லெதர், இரண்டு மட்டும். உலோகப் பளபளப்பு வேண்டிய இடத்துக்கு 27004 கன்மெட்டல். ஒரு பங்கு பெயின்டுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு ஒயிட் ஸ்பிரிட். தனிக் கறுப்பை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். கறுப்பு எஞ்சின்மேல் கறுப்பு வாஷ் போட்டால் ஒன்றுமே தெரியாது. உங்கள் எஞ்சினுக்கு லெதர் கூடுதலாக, கறுப்பு கொஞ்சமாக. புழுதியும் புகைக்கரியும் கறுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழுப்புச் சாம்பலாகத்தான் இருக்கும்.

வார்னிஷ் கேள்விக்கு வருகிறேன். முதலில் என்பவர்கள் சொல்வதும் கடைசியில் என்பவர்கள் சொல்வதும் சரிதான், வேலை வேறு. பளபளப்பான வார்னிஷ்மேல் வாஷ் போட்டால் வழுக்கிப் பள்ளத்தில் மட்டும் சேரும், மேல்பரப்பு சுத்தமாக இருக்கும். மேட் வார்னிஷ்மேல் போட்டால் அதன் சொரசொரப்பு நிறத்தைப் பிடித்துக்கொள்ளும், எல்லா இடமும் மங்கும். ரிவெட்டும் தகட்டு இணைப்பும் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் முதலில் பாதிப் பளபளப்பு வார்னிஷ் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, வாஷ் போட்டு, அது காய்ந்த பிறகு கடைசியில் மேட் அடியுங்கள். எண்ணும் பாதுகாப்பாக இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். வாஷ் என்பது பூசும் வேலை இல்லை, எடுக்கும் வேலை. நான் போடுவதில் முக்கால்வாசியைத் துடைத்து எடுத்துவிடுவேன். பூசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஈரப் பளபளப்பு போய்விடும். அப்போது ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்துவிட்ட தட்டைப் பிரஷால் மேலிருந்து கீழே ஒரே திசையில் இழுக்க வேண்டும். மழை எந்தத் திசையில் வழியுமோ அந்தத் திசை. ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்தது. குறுக்கே ஒருமுறை இழுத்தாலும் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

அளவையும் மனதில் வையுங்கள். 1:87-இல் 1 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 8.7 சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துருக்கோடு வரைந்தால் அது நிஜ எஞ்சினில் 17 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். அப்படி எந்த எஞ்சினிலும் வழியாது. மிகச் சிறிய பிரஷின் நுனிகூடப் பல இடத்தில் தடிமன்தான், வரைந்த பிறகு இரண்டு பக்கமும் துடைத்து ஒல்லியாக்க வேண்டும்.

எங்கே எந்த அழுக்கு என்பதற்கு என் அப்பா சொன்னதை எழுதுகிறேன். அவர் நீராவி எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன். சிறுவயதில் ஷெட்டுக்கு என்னைக் கூட்டிப்போவார். எஞ்சின்மேல் ஒவ்வொரு கறையையும் காட்டி இது எங்கிருந்து வந்தது சொல் பார்க்கலாம் என்பார். நான் சொல்லாவிட்டால் அந்தக் கறை தொடங்கும் இடத்துக்குக் கை பிடித்து அழைத்துப்போவார்.

சேஃப்டி வால்வுக்குக் கீழே பாய்லர் மேல் வெள்ளைச் சாம்பல் நிறத்தில் வழிந்த கோடு. அது பாய்லர் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு. நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். விசிலுக்கு அடியிலும் அதேதான். உங்களுடையது டேங்க் எஞ்சின் என்பதால் தண்ணீர் நிரப்பும் மூடியைப் பாருங்கள். நிரம்பி வழிந்த நீர் டேங்கின் பக்கவாட்டில் புழுதியைக் கழுவிக்கொண்டு இறங்கும். நடுவில் சுத்தமான கோடு, இரண்டு ஓரத்திலும் மெல்லிய வெளுப்பு. உங்கள் வலது பக்கத்தில் மூடிக்கு நேர் கீழே வளையம் எதுவும் மிச்சமிருந்தால், அதையே கீழே இழுத்து இந்தக் கோடாக மாற்றிவிடலாம்.

பாய்லரின் முன்முனையில் புகை சேரும் ஸ்மோக்பாக்ஸின் கதவில் கீழ்ப்பாதி வெந்து பழுப்பாக, பெயின்ட் உரிந்து இருக்கும். உள்ளே அடியில் சேர்ந்த கரித்துகள் கனன்று தகட்டைச் சுட்டதன் அடையாளம் அது. சாம்பலை அந்தக் கதவு வழியாகத்தான் வாரிப்போடுவார்கள், அதனால் முன்பக்க நடைத்தகடும் பஃபர் பீமும் (முன்முனைக் குறுக்குச் சட்டம்) வெளிறிய சாம்பல். கீழே ஃபிரேம், சக்கரம், பிரேக் பக்கம் வந்தால் கறுப்பே கிடையாது, பழுப்பு. வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் தேய்ந்து தூளாகி, அந்தத் தூள் துருப்பிடித்து எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். சக்கரம் வழுக்காமலிருக்க மணல் தூவும் குழாய் இறங்கும் இடத்தில் மட்டும் சக்கரத்தின் பக்கம் வெளிறியிருக்கும்.

இன்னும் ஒன்று, இதை நான் எந்த மாடலிலும் விடமாட்டேன். எஞ்சினைத் துடைப்பவர்கள் எண்ணெயில் நனைத்த காட்டன் வேஸ்டால் கை எட்டும் உயரம் வரைதான் துடைப்பார்கள். அந்த எல்லை நேர்கோடாக இருக்காது. தோளை ஊன்றிக் கை சுழலும் வீச்சுக்கு வில் வில்லாக இருக்கும். நேரமில்லாத நாளில் எஞ்சின் எண்ணை மட்டும் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அதைச் சுற்றி ஒரு நீள்வட்டம் மட்டும் கறுப்பாக மின்னும். கைப்பிடிக் கம்பியும் கேப் (ஓட்டுநர் அறை) படிக்கட்டின் விளிம்பும் உராய்ந்து உராய்ந்து உலோகமாகத் தெரியும். உங்கள் எண்ணுக்கு மேல் இருக்கும் பெரிய வளையத்துக்கு இதுதான் மருந்து. சுற்றிலும் எனாமல் வாஷ் போட்டு மங்கலாக்குங்கள், எண்ணின் மேல் மட்டும் ஒயிட் ஸ்பிரிட் பஞ்சுக் குச்சியால் சின்னச் சின்ன வில்களாகத் துடைத்துவிடுங்கள்.

எச்சரிக்கை மூன்று. ஒயிட் ஸ்பிரிட்டைப் பூச்சில்லாத பிளாஸ்டிக் இணைப்புகளில் தேங்கவிடாதீர்கள். இறுக்கமாகப் பொருத்திய பாகத்தில் ஊறினால் நாளடைவில் விரிசல் விடும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். ஆயில் பெயின்டுக்குப் போனால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், விரித்துக் காயப்போடுங்கள். ஆளி விதை எண்ணெய் ஊறிய துணி சுருண்டு கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

மேட்பூச்சு:

ஃபயர்மேன்மகன் ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் அக்ரிலிக்கை அப்படியே ஒதுக்க மனமில்லை. அறையைத் திறந்துவைக்க வழியில்லாத என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் கைகொடுக்கிறது.

அக்ரிலிக்கில் முதலில் பரப்பை நனைக்க வேண்டும். தண்ணீரில், இழுவிசையைக் குறைத்துப் பரவச்செய்யும் ஃப்ளோ இம்ப்ரூவர் ஒரு சொட்டு கலந்து, ஒரு தகட்டின் எல்லைக்குள் மட்டும் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே நிறத்தை ரிவெட் அருகில் தொட்டுவைக்க வேண்டும். ஓரத்தில் சேரும் அதிகத்தை உலர்ந்த பிரஷால் உறிஞ்சி எடுக்கலாம். ஒரு தகடு முடிந்த பிறகுதான் அடுத்தது. மொத்தப் பக்கத்தையும் ஒரே மூச்சில் பூசினால் யார் பூசினாலும் வளையம் வரும்.

பலகை வேகன்களுக்கு நான் போடுவது இந்தியன் இங்க் என்ற கறுப்பு மை. அரை லிட்டர் ஆல்கஹாலுக்கு ஒரு டீஸ்பூன். பலகை இடுக்கில் அழகாக இறங்கும். ஆனால் மேட் ஸ்ப்ரே அடித்த பிறகு இதைப் போடாதீர்கள். சில ஸ்ப்ரேக்களின் மேல் ஆல்கஹால் பட்டால் பனி மூடியது போல வெள்ளையாகிவிடும். ஆகிவிட்டால் பதற வேண்டாம், அதே ஸ்ப்ரேயை இன்னொரு முறை மெலிதாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சிறுதடம்:

ஐயா, மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவினேன், சிறிய வளையங்கள் நிஜமாகவே போய்விட்டன! எண்ணுக்கு மேல் இருப்பதும், தண்ணீர் மூடிக்குக் கீழே இரண்டும் மட்டும் மிச்சம்.

சக்கரங்களை எப்படிச் சுத்தம் செய்வது? சக்கரத்தின் முகத்துக்கும் பழுப்பு வேண்டும், ஆனால் மின்சாரம் எடுக்கும் இடத்தில் படக்கூடாது. பிரஷை ஆரக்கால்களுக்கு நடுவே விட்டால் கை நடுங்குகிறது.

ஃபயர்மேன்மகன்:

சக்கரத்துக்கு ஆல்கஹாலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதுதான் அதற்குச் சரியான இடம். தண்டவாளத்தின் குறுக்கே ஒரு மெல்லிய துணியைப் போட்டு ஆல்கஹாலில் நனையுங்கள். எஞ்சினின் முன் சக்கரங்கள் துணிமேல், பின் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்தில். எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக மின்சாரம் கொடுங்கள். பின் சக்கரங்கள் மின்சாரம் எடுக்கும், முன் சக்கரங்கள் துணியில் உரசிச் சுழலும். துணியில் இரண்டு கறுப்புக் கோடு விழும். எஞ்சினைத் திருப்பிவைத்து மறுபடி. புதிய இடத்தில் கோடு விழாத வரை செய்யுங்கள். சக்கரத்தில் ரப்பர் வளையம் இருந்தால் அதை மட்டும் நனையவிடாதீர்கள். ஒயிட் ஸ்பிரிட் பட்டால் உப்பிக் கழன்றுவிடும்.

நிறம் பூச, எஞ்சினை நுரைத் தொட்டிலில் தலைகீழாகப் படுக்கவையுங்கள். கண்ட்ரோலரின் இரண்டு வயரையும் சக்கரங்களில் தொட்டு மிக மெதுவாகச் சுழலவிடுங்கள். பிரஷை நீங்கள் அசைக்கவே கூடாது. நுனியை ஆரக்காலின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள், சக்கரம் தானே சுற்றி வாங்கிக்கொள்ளும். கையை மேசையில் ஊன்றிவிட்டால் நடுக்கம் பிரஷுக்கு வராது. இப்படிச் செய்தால் சக்கரங்களை இணைக்கும் கனெக்டிங் ராடுக்குப் பின்னால் பூச்சு விடுபட்டுப்போகும் பிரச்சினையும் இல்லை. நின்ற நிலையில் பூசினால், எஞ்சின் நகர்ந்தவுடன் பின்னால் மறைந்திருந்த சுத்தமான இடம் எட்டிப்பார்க்கும்.

அச்சுப் பக்கம், கியர் பக்கம் வாஷ் போகக்கூடாது. சக்கரத்தின் பின்னால் உரசும் செம்புத் தகடுகளில் போனால் மறுபடி திக்கும். பிரஷைத் துணியில் நன்றாக ஒற்றிவிட்டுத்தான் தொடுங்கள். ராடுகளுக்குத் துருநிறம் வேண்டாம். அவை எப்போதும் எண்ணெயில் ஊறியிருக்கும், கறுப்பில் பளபளப்பு வார்னிஷ் கொஞ்சம் கலந்து மூட்டுகளில் மட்டும் வையுங்கள்.

இடது பக்கத்தை இந்த வாரம் தொடாதீர்கள். வலது பக்கத்தை முடித்து இரண்டு நாள் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு.

சிறுதடம்:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

சக்கரம் சுத்தமாகிவிட்டது, எஞ்சின் பழையபடி வழுக்கிக்கொண்டு போகிறது. துணியில் முதலில் விழுந்த கோடுகள் பழுப்பு, அடுத்தவை கறுப்பு, ஐந்தாவது முறை ஒன்றும் விழவில்லை.

வலது பக்கத்தில் பாதிப் பளபளப்பு வார்னிஷ் அடித்து ஒரு நாள் விட்டேன். 33-உம் 62-உம் கலந்து ரிவெட் அடியில் தொட்டேன். நீங்கள் சொன்னது போலவே ஓடியது. மூன்றாவது ரிவெட் வரை தானாகப் போனபோது பிரஷை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் மூடிக்குக் கீழ் இருந்த இரண்டு வளையங்களையும் கீழே இழுத்துக் கோடாக்கிவிட்டேன், இப்போது அவை வேண்டுமென்றே போட்டது போல இருக்கின்றன. எண்ணைச் சுற்றி வில்களாகத் துடைத்தது முதல் தடவை சரியாக வரவில்லை, வட்டமாகிவிட்டது. அன்று மாலையே மறுபடி இளக்கித் துடைத்தேன், வந்துவிட்டது.

ஐயா, உங்கள் அப்பா கேட்டது போல ஒவ்வொரு கறைக்கும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுக்கொண்டே செய்தேன். கேப் கதவுக்குக் கீழே ஒரு கோடு போட்டிருந்தேன், அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கே பதில் தெரியவில்லை. துடைத்து எடுத்துவிட்டேன்.

நாளை இடது பக்கம் வார்னிஷ்.